அலுமினிய கிராங்க் புல்லி போட்டு எட்டு மாசம்: ஸ்டீயரிங் நடுக்கம் அதனாலதானா?

கிள்ளான்_ஈஜி எழுதியது:

வணக்கம். என் காடி 1993 சிவிக் ஈஜி. இன்ஜின் பி16ஏ, ஒரு ஹாஃப்கட் கடையில (பாதியா வெட்டின பழைய காடி விக்கிற கடை) எடுத்து மாட்டினது. உள்ள எதையும் தொடல. லைட் ஃப்ளைவீல், ஹெடர், இன்டேக், அவ்வளவுதான். எட்டு மாசத்துக்கு முன்னால 380 வெள்ளி குடுத்து அலுமினிய கிராங்க் புல்லி (பிஸ்டன்கள் சுத்தி விடற கிராங்க் தண்டோட முன்முனையில மாட்டற பெல்ட் சக்கரம்) வாங்கிப் போட்டேன். சமையல்கட்டுத் தராசுல வச்சுப் பார்த்தேன்: கழட்டின ஒரிஜினல் 2.3 கிலோ, புதுசு 700 கிராம். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டா ஊசி சட்டுன்னு ஏறுது, அது நிஜம்.

இப்ப மூணு தொந்தரவு. 4,000 ஆர்பிஎம் பக்கம் வந்தா ஸ்டீயரிங் விர்ருன்னு நடுங்குது, சீட்டு வரைக்கும் தெரியுது, 4,500 தாண்டினா அடங்கிடுது. கிராங்க் முன்பக்க சீல்ல ஆயில் கசியுது. போன வாரம் டைமிங் பெல்ட் மாத்தினப்ப கிராங்க் போல்ட் லூஸா இருந்துச்சுன்னு மெக்கானிக் சொல்லி இறுக்கிக் குடுத்தார்.

சிப்பாங் ரேஸ் டிராக்ல ரெண்டு தடவை டிராக் டே போயிருக்கேன், அங்க 8,000 வரைக்கும் இழுப்பேன். அடுத்த மாசம் மறுபடியும் போகணும்.

புல்லி வித்தவர் சொன்னது: "ஒரிஜினல்ல இருக்கிற ரப்பர், ஏர்கான் பெல்ட் சத்தம் உள்ள வராம இருக்கத்தான். இன்ஜினுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல." இது உண்மையா? பழைய புல்லியையே திருப்பி மாட்டணுமா, இல்ல பந்தயக் காடிக்குப் போடற டேம்பர் (கிராங்க் அதிர்வைத் தணிக்கிற புல்லி) வாங்கணுமா?

ஜிடிஐ_சிரம்பான் எழுதியது:

என் சத்ரியா ஜிடிஐல மூணு வருஷமா லைட் புல்லிதான் ஓடுது. தினமும் வேலைக்கு, வாரக் கடைசியில ஊருக்கு. ஒண்ணும் ஆகல. உங்க நடுக்கம் இன்ஜினைத் தாங்கற ரப்பர் மவுண்டிங்கா இருக்கும், அதை முதல்ல பாருங்க. டேம்பர் விக்கறவங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க.

ஈப்போ_பட்டறை எழுதியது:

தம்பி, இப்பதான் பட்டறையை மூடிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுமையா படிங்க. 22 வருஷமா ஹோண்டா இன்ஜின்தான் பிரிச்சுப் பூட்டறேன்.

முதல்ல அந்த 4,000 நடுக்கம். சிரம்பான் தம்பி சொன்னது சரி, அது மவுண்டிங். நாலு சிலிண்டர் வரிசையா நிக்கிற இன்ஜின்ல பிஸ்டன் மேல்முனையில திரும்பற வேகமும் கீழ்முனையில திரும்பற வேகமும் ஒண்ணு இல்ல. அந்த வித்தியாசம் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை இன்ஜினை மேலயும் கீழயும் குலுக்கும். 4,000ல ஓடினா செகண்டுக்கு 133 குலுக்கல். அக்கார்டோட எஃப்22 இன்ஜின்ல இதுக்காகவே ரெண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் வச்சிருக்கான். பி16ஏல அது கிடையாது, மவுண்டிங் ரப்பர்தான் அத்தனையும் வாங்கிக்கணும். ஹாஃப்கட்டோட வந்த மவுண்டிங்னா அதுக்கும் காடி வயசுதான். பானெட்டைத் திறந்து வச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, வேற ஒருத்தரை உள்ள உட்கார வச்சு முதல் கியர்ல கிளட்சை லேசா விடச் சொல்லுங்க. நீங்க பக்கவாட்டுல நின்னு பாருங்க, காடி முன்னால நிக்காதீங்க. இன்ஜின் எழும்பி விழுந்தா பின்பக்க மவுண்ட் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ஆனா அதை வச்சு "அப்ப புல்லி மேல தப்பில்ல"ன்னு முடிவு கட்டிடாதீங்க. புல்லி செய்யற கெடுதல் உங்க கைக்கும் சீட்டுக்கும் வராது. அது கிராங்குக்கு உள்ளேயே நடக்கும்.

நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பி போட்டு ஒரு துருப்பிடிச்ச நட்டை அவிழ்த்திருக்கீங்களா? கைப்பிடி நகரும், நட்டு நகராது. நடுவுல கம்பி முறுக்கிக்கிட்டு நிக்கும். கையை விட்டா பட்டுன்னு திரும்பி வரும். கிராங்கும் அந்த மாதிரி ஒரு கம்பிதான். இரும்புன்னா வளையாதுன்னு நினைக்கிறோம், ஆனா ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அந்த இடத்துல கிராங்க் முறுக்கிக்கும், உடனே திரும்பி அவிழும். அளவு ஒரு டிகிரிக்கும் உள்ளதான். பின்முனையில ஃப்ளைவீல் கனமா பிடிச்சுக்கிட்டு இருக்கறதால அங்க ஆட்டம் கம்மி. முன்முனையில, புல்லி இருக்கிற பக்கம், ஆட்டம் அதிகம். டேம்பரை எல்லாரும் முன்னால வைக்கறது அதனாலதான்.

எந்தக் கம்பிக்கும் அதுக்குன்னு ஒரு துடிப்பு வேகம் உண்டு. கணக்குக்கு உங்க கிராங்கோடது செகண்டுக்கு 500ன்னு வச்சுக்குங்க. வெடிப்போட தாளம் அந்த 500ல போய் உட்கார்ந்தா, ஒவ்வொரு வெடிப்பும் முந்தின முறுக்கோட சேர்ந்து முறுக்கை ஏத்திக்கிட்டே போகும். நாலு சிலிண்டர்ல ஒரு சுத்துக்கு ரெண்டு வெடிப்பு. வெடிப்பு ஒரே சீரான தள்ளு இல்ல, சுருக்குன்னு ஒரு குத்து. அதனால அதுக்குள்ள சுத்துக்கு 4, 6, 8ன்னு சின்னத் தாளங்களும் கலந்திருக்கும். சுத்துக்கு 6 தாளம் 5,000 ஆர்பிஎம்ல 500ஐத் தொடும். சுத்துக்கு 4 தாளம் 7,500ல தொடும். நாலாவது தாளம் ஆறாவதை விட பலமானது. இப்ப யோசிச்சுப் பாருங்க, சிப்பாங் நேர்பாதையில உங்க ஊசி எங்க நிக்குது?

சிரம்பான் தம்பி காடிக்கு மூணு வருஷமா ஒண்ணும் ஆகாததுக்கும் இதுதான் காரணம். வேலைக்குப் போற வழியில 3,000ல ஓட்டறவர், எப்பவாவது 7,000 தொட்டாலும் ஒரு செகண்டுல கியர் மாத்திடறார். அந்த இடத்தைக் கடந்து போறார், அங்க குடியிருக்கல. டிராக்ல ஓட்டறவன் அங்கதான் குடியிருக்கான்.

ஒரிஜினல் புல்லியை எடுத்துப் பாருங்க. நடுவுல ஒரு குடம், வெளியில கனமான ஒரு இரும்பு வளையம், ரெண்டுக்கும் நடுவுல கறுப்பா ரப்பர் பட்டை. குடம் கிராங்கோட சேர்ந்து துடிக்கும். வளையம் கனமா இருக்கறதால அதே வேகத்துல துடிக்க முடியாம பின்தங்கும். நடுவுல மாட்டின ரப்பர் இப்படியும் அப்படியும் இழுபட்டு, அந்தத் துடிப்பைச் சூடா மாத்தி வெளிய விட்டுடும். வளையத்தோட எடையும் ரப்பரோட விறைப்பும் அந்தந்த கிராங்குக்குன்னு அளந்து வச்சது. பெல்ட் சத்தத்துக்குன்னு சொன்னவர் இந்த வேலையைப் பத்தித் தெரியாமச் சொல்லியிருக்கார்.

இன்னொண்ணும் சொல்லுவாங்க: "எடையைக் குறைச்சா துடிப்பு வேகம் மேல போயிடும், ரெட்லைனுக்கு (இன்ஜின் தாண்டக் கூடாத வேகம்) வெளியில தள்ளிடலாம்." வேகம் கொஞ்சம் ஏறும், அது உண்மைதான். ஆனா ஏறின இடத்துல அதைத் தணிக்க அங்க எதுவுமே இல்லையே. 500ங்கறது 530 ஆனா, 7,500ல வந்தது 7,950ல வரும். உங்க 8,000 அதுக்கும் மேல.

ஒரு சோதனை சொல்றேன், இன்னிக்கே பண்ணுங்க. அலுமினிய புல்லியை விரல்ல தொங்க விட்டு 12 ஸ்பானரால தட்டுங்க. கணீர்னு கோயில் மணி மாதிரி நீளமா ஒலிக்கும். அப்புறம் ஒரிஜினலைத் தட்டுங்க. டொக்குன்னு அங்கயே செத்துடும். அந்த டொக்குக்குத்தான் ஹோண்டாக்காரன் ரெண்டு கிலோ இரும்பைச் செலவு பண்ணியிருக்கான்.

இதெல்லாம் எனக்கு யார் சொல்லித் தந்தாங்கன்னு கேட்டா, 2008ல ஒரு பி18சி இன்ஜின் சொல்லித் தந்துச்சு. பையனுக்கு 23 வயசு. காடியைக் கொண்டு வந்து லைட் புல்லி போடச் சொன்னான், நான்தான் போட்டேன். ரெண்டாவது டிராக் டேல பின் நேர்பாதை, 8,200ல இழுத்துக்கிட்டு வரும்போது ஆயில் லைட் எரிஞ்சிருக்கு. கவனிச்சு காலை எடுக்கறதுக்குள்ள கனெக்டிங் ராட் பிளாக்கைக் குத்திக்கிட்டு வெளிய வந்துடுச்சு. பட்டறையில பிரிச்சேன். கிராங்க் முழுசா இருக்கு. மூணாவது ராட் பேரிங் உருகி ஓடியிருக்கு. ஏன் ஆயில் நின்னுச்சுன்னு பம்பைத் திறந்தா உள் ரோட்டர் மூணு துண்டு.

இந்த இன்ஜின்ல ஆயில் பம்ப் எங்க இருக்குன்னு நினைச்சுப் பாருங்க: புல்லிக்கு நேர் பின்னால, கிராங்க் மூக்குலயே, அதாவது முன்முனையில. மூக்குல ரெண்டு பக்கம் தட்டையாச் சீவி, அந்தத் தட்டையை ரோட்டர் துளையில நுழைச்சிருக்கும். முறுக்கு அதிகமா ஆடற இடத்துலயே பம்ப் உட்கார்ந்திருக்கு. கிராங்க் மூக்கு துடிக்கத் துடிக்க அந்தத் தட்டை, ரோட்டரைச் சுத்தியல் மாதிரி அடிக்கும், செகண்டுக்கு நூத்துக்கணக்குல. ரோட்டரோ பொடி உலோகத்தை அழுத்திச் சுட்டது. அழுத்தம் தாங்கும், அடி தாங்காது. மூலையில ஒரு மயிரிழை விரிசல், அப்புறம் ஒரு நாள் படார்.

அந்த மூணு துண்டும் இன்னும் என் மேசையில ஒரு மைலோ டின்ல இருக்கு. அந்தப் பையன் எட்டு மாசம் சம்பளத்துல சேர்த்து வாங்கின இன்ஜின் அது. அதுக்கப்புறம் ரப்பர் இல்லாத புல்லி எதையும் என் கையால மாட்டினதில்ல.

உங்க காடிக்கு வருவோம். சீல் கசிவும் போல்ட் லூஸும்தான் எனக்குக் கவலையா இருக்கு. போல்ட் தானா லூஸ் ஆகாது. போன தடவை சரியா இறுக்காம விட்டிருக்கலாம், இல்ல முன்முனை துடிச்சு விட்டிருக்கலாம். புல்லியைக் கழட்டினதும் சாவியையும் (புல்லி கிராங்க் மேல வழுக்காம பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு) சாவித் துளையையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. செம்மண் நிறத்துல நைசா தூள் படிஞ்சிருந்தா ரெண்டு இரும்பும் உரசிக்கிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம். சீல் மாத்தற செலவோட செலவா பம்பையும் இறக்கி ரோட்டரைப் பாருங்க. அது வரைக்கும் 6,000க்கு மேல போகாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

கடல்_சிங்கை எழுதியது:

ஈப்போ அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவன். எங்களிடம் இதே விஷயம் பெரிய அளவில் உண்டு. மெதுவாகச் சுழலும் பெரிய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களில், கிராங்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் சேர்ந்து முறுக்கித் துடிக்கும் வேகம் ஓடும் வேகத்துக்குள்ளேயே வந்துவிடும். அதனால் டேக்கோமீட்டரில் ஒரு சிவப்புப் பட்டை வரைந்திருப்பார்கள். நான் வேலை செய்த ஒரு கப்பலில் அது 46 முதல் 54 ஆர்பிஎம் வரை. அந்த வேகத்தில் நிற்கக் கூடாது, சடுதியில் தாண்டிவிட வேண்டும். அண்ணன் சொன்ன "கடந்து போவது, குடியிருப்பது" எங்களுக்குச் சட்டமே. முறுக்கு அதிர்வுக் கணக்கைச் சமர்ப்பிக்காமல், கப்பலின் தரத்தைச் சோதிக்கும் வகைப்படுத்தும் சங்கங்கள் சான்றிதழ் தராது.

இந்தப் பிரச்சினை புதிதல்ல. நூறு வருடத்துக்கு முன்னால் ஆறு சிலிண்டர் கார்கள் வந்தபோது நீளமான கிராங்குகள் காரணம் தெரியாமல் உடைந்தன. ரோல்ஸ் ராய்ஸ் 30 எச்பி அதில் ஒன்று. ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜின் வெளியே குலுங்கவே குலுங்காது, பானெட்டின் மேல் காசை நிறுத்தி வைக்கலாம் என்பார்கள். உள்ளே கிராங்க் மட்டும் முறுக்கி முறுக்கி உடையும். வெளியே அமைதி, உள்ளே முறிவு. ராய்ஸ் ஒரு வழுக்கும் சக்கரம் வைத்துச் சரி செய்தார். லான்செஸ்டர் என்ற இன்ஜினியர் 1910 வாக்கில் தன் டேம்பருக்குக் காப்புரிமை எடுத்தார்.

தம்பி பந்தய டேம்பரைப் பற்றிக் கேட்டதால் ஒன்று சேர்க்கிறேன். ரப்பர் டேம்பர் ஒரு குறிப்பிட்ட துடிப்புக்கு அளந்து வைத்தது. ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) மாற்றினால், எடை குறைந்த பிஸ்டனும் ராடும் போட்டால், அந்த அளவு பொருந்தாமல் போகும். சிலிகான் திரவ டேம்பர் வேறு வகை. மூடிய கூட்டுக்குள் ஒரு கனமான வளையம், சுற்றிலும் மயிரிழை இடைவெளி, அதில் தேனை விடக் கெட்டியான சிலிகான். வளையம் பின்தங்கும்போது திரவம் அறுபட்டுச் சூடாகும். ஒரே எண்ணுக்குக் கட்டுப்படாமல் அகலமான வேக எல்லைக்கு வேலை செய்யும். பெரிய டீசல்களில் இதுதான். ஆனால் கூட்டில் ஒரு நசுங்கல் விழுந்தால் வளையம் உள்ளே உரசி மாட்டிக்கொள்ளும், டேம்பர் வெறும் எடையாகிவிடும். சுத்தியலால் தட்டி மாட்டவே கூடாது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் விளிம்பைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

கிள்ளான்_ஈஜி எழுதியது:

அண்ணே, மூணு வாரம் ஆச்சு. எல்லாம் கழட்டிப் பார்த்துட்டேன்.

பின் மவுண்ட் ரப்பர் முழுக்கக் கிழிஞ்சு இரும்போட இரும்பு இடிச்சிருக்கு. புது மவுண்ட் போட்டதும் 4,000 நடுக்கம் போயிடுச்சு. அப்ப அலுமினிய புல்லி இன்னும் இன்ஜின்லதான் இருந்துச்சு. நீங்க சொன்னபடியேதான்.

அடுத்து புல்லியைக் கழட்டினேன். சாவித் துளை ஓரத்துல நீங்க சொன்ன செம்மண் தூள். விரல்ல ஒட்டிக்கிச்சு. சாவியோட ஒரு பக்க விளிம்பு மழுங்கியிருக்கு, நகத்தால தடவினா படி மாதிரி தட்டுப்படுது. பம்ப் ரோட்டர் உடையல. ஆனா தட்டை உட்கார்ற ரெண்டு மூலையிலயும் பளபளன்னு அடிபட்ட தடம். விரிசல் கண்ணுக்குத் தெரியல. இருந்தாலும் புது பம்பே வாங்கிட்டேன், சாவியும் புதுசு.

அலுமாரியில வச்சிருந்த ஒரிஜினல் புல்லியைத் துடைச்சுப் பார்த்தா ரப்பர்ல வரி வரியா வெடிப்பு, ஒரு இடத்துல வெளிய பிதுங்கி நிக்குது. இதை மாட்டலாமா?

ஈப்போ_பட்டறை எழுதியது:

மாட்டாதீங்க தம்பி. ரப்பருக்கு 30 வயசு, பக்கத்துலயே ஹெடர் சூடு. பிதுங்கி இருக்குன்னா வளையம் குடத்துல பிடிமானம் இல்லாம இருக்கு. 8,000ல வளையம் கழண்டா பானெட்டே தாங்காது. அதோட வளையம் வழுக்கினா டைமிங் குறியும் கூடவே நகர்ந்துடும். ஒரு காடியில டைமிங் லைட் அடிச்சு குறியைச் "சரியா" வச்சுட்டு, இன்ஜின் தட்டுது தட்டுதுன்னு ஒருத்தர் ஆறு மாசம் அலைஞ்சார். பிளக் துளை வழியா முதல் சிலிண்டரோட மேல்முனையைப் பார்த்தப்புறம்தான் குறியே பொய்ன்னு தெரிஞ்சுது.

உங்க இன்ஜின் உள்ள ஒண்ணும் மாத்தாதது. அதுக்கு ஹோண்டா புல்லி புதுசு ஒண்ணு போதும். பந்தய டேம்பருக்குக் காசு போட வேண்டாம். நாளைக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன், 9,000 ரெட்லைன், டர்போன்னு போனீங்கன்னா அப்ப வாங்குங்க. அதுலயும் எஸ்எஃப்ஐ 18.1 முத்திரை (பந்தய டேம்பருக்கான பாதுகாப்புத் தரம்) இருக்கான்னு பார்த்து வாங்குங்க. சில வகையில உள்ள இருக்கிற ரப்பர் வளையத்தை மட்டும் மாத்திக்கலாம், விறைப்பும் தேர்ந்தெடுக்கலாம். இன்ஜின் கட்டற ஆளோட பேசிட்டு எடுங்க.

புதுசு மாட்டினதும் குடத்துலேர்ந்து வெளி வளையம் வரைக்கும் குறுக்கால ஒரே நேர்க்கோடா வெள்ளைப் பெயின்ட் இழுத்து விடுங்க. ஒவ்வொரு டிராக் டே முடிஞ்சதும் குனிஞ்சு ஒரு பார்வை. கோடு ரெண்டா முறிஞ்சிருந்தா வளையம் வழுக்கியிருக்கு, அன்னிக்கே கழட்டிடுங்க. போல்ட்டை மேனுவல்ல இருக்கிற டார்க்குக்கு டார்க் ரெஞ்சால இறுக்குங்க, இம்பாக்ட் கன் வேண்டாம்.

ஜிடிஐ_சிரம்பான் எழுதியது:

அண்ணே, நேத்து ராத்திரி என் புல்லியைக் கழட்டிட்டேன். சாவி சுத்தமாத்தான் இருக்கு, தூள் எதுவும் இல்ல. ஆனா அடுத்த வருஷம் நானும் டிராக் போகலாம்னு இருந்தேன். ஒரிஜினல் தேடிக்கிட்டிருக்கேன். தட்டிப் பார்த்தேன், நீங்க சொன்ன கணீர் நிஜமாவே ரொம்ப நேரம் நிக்குது.

கிள்ளான்_ஈஜி எழுதியது:

புது புல்லி மாட்டி, வெள்ளைக் கோடு இழுத்து, நேத்து சிப்பாங் போயிட்டு வந்தாச்சு. நாலு செஷன். சீல் காய்ஞ்சு இருக்கு. கோடு நேராவே இருக்கு. ஊசி முந்தி மாதிரி சட்டுன்னு ஏறல, அது தெரியுது. ஆனா லேப் டைம்ல வித்தியாசம் ஒண்ணும் தெரியல.

அந்த அலுமினிய புல்லியை 200 வெள்ளிக்குக் கேக்கறாங்க. விக்கலாமா அண்ணே?

ஈப்போ_பட்டறை எழுதியது:

விக்காதீங்க தம்பி. வாங்கிட்டுப் போறவன் எந்த இன்ஜின்ல மாட்டுவான், எங்க போய் ஓட்டுவான்னு உங்களுக்குத் தெரியாது. அந்த 200 வெள்ளியை நான் தர்றேன். ஈப்போ பக்கம் வரும்போது கொண்டு வாங்க. மைலோ டின் பக்கத்துல ஆணியில மாட்டி வைக்கிறேன், ஸ்பானரும் கூடவே தொங்கும். லைட் புல்லி கேட்டு வர்ற பசங்க அவங்க கையாலயே தட்டிப் பார்க்கட்டும்.